மாவுச் சாக்கில் போன நன்றிக் கடிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முதல் உலகப் போரின்போது பெல்ஜியப் பெண்கள் அமெரிக்காவுக்கு நன்றி சொல்லி எம்பிராய்டரி செய்து அனுப்பிய மாவுச் சாக்குகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத விஷயம். எழுதியவருக்குப் பாராட்டு. ஆனாலும் சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன.

துணிப் பஞ்சத்தால்தான் சாக்குகள் தையல்காரப் பெண்களிடம் போயின என்கிறது கட்டுரை. அது பாதிதான். 1914 ஆகஸ்டில் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. பிரிட்டன் கடல்வழியை அடைத்தது. உணவுக்குப் பெரிதும் இறக்குமதியை நம்பியிருந்த நாடு அது. அக்டோபரில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் பெல்ஜிய நிவாரண ஆணையம் லண்டனில் தொடங்கியது. ஆணையம் கொண்டுவரும் மாவு ஜெர்மன் ராணுவத்தின் வயிற்றுக்குப் போகக்கூடாது என்பது பிரிட்டனின் கறாரான நிபந்தனை. அதனால் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறக்கியதிலிருந்து கால்வாய்ப் படகு, ஊர்க் கிடங்கு, ரொட்டிக்கடை வரை எல்லாவற்றுக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் காலிச் சாக்கும் சேர்த்தி. ஏனென்றால் பருத்தி வெடிமருந்துக்கு மூலப்பொருள்; நைட்ரிக் அமிலம் சேர்த்தால் துப்பாக்கிப் பஞ்சு. அதோடு, அச்சடித்த காலிச் சாக்கில் மட்டமான மாவை அடைத்து நிவாரண மாவு என்று விற்றுவிடவும் முடியும். ஆகவே சாக்குகளைத் திரும்ப வாங்கி, தையல்கூடங்களுக்கும் கன்னியர் மடங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். வேலை இழந்து நின்ற பெண்களுக்கு அது கூலியும் ஆயிற்று.

சாக்கு நல்ல துணியாக இருந்ததும் தற்செயல் அல்ல. அமெரிக்காவின் மினியாபொலிஸில் மாவு ஆலைத் தொழிலுக்கென்று வந்த ‘நார்த்வெஸ்டர்ன் மில்லர்’ இதழின் ஆசிரியர் வில்லியம் எட்கர் ஆலைக்காரர்களிடம் மாவு திரட்டியபோதே, உறுதியான பருத்திச் சாக்கு, 49 பவுண்டு அளவு என்று வரையறுத்துவிட்டார். 49 பவுண்டு என்றால் ஏறக்குறைய 22 கிலோ, மாவு வணிகத்தில் வழங்கிய 196 பவுண்டு பீப்பாயில் கால் பங்கு. ஒரே ஆள் வீட்டுக்குச் சுமந்துபோகலாம், மாவு தீர்ந்தபின் துணியை உள்ளாடையாகத் தைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அந்த மாவை ஏற்றிக்கொண்டு ‘சவுத் பாயின்ட்’ கப்பல் 1915 பிப்ரவரியில் பிலடெல்பியாவிலிருந்து புறப்பட்டது.

அடுத்தது படக்குறிப்பு. சாக்கில் உள்ள எழுத்துகளையெல்லாம் பெல்ஜியப் பெண்களே எழுதித் தைத்ததாகப் போட்டிருக்கிறீர்கள். பெரிய எழுத்துகள் ஆலையில் அச்சானவை: ஆலையின் பெயர், ஊர், மாவின் வணிகப் பெயர், எடை. பெண்கள் அந்த அச்சுக் கோட்டின் மேலேயே ஊசி ஓட்டினார்கள். நூல் தேய்ந்த இடத்திலும் தையல் முடியாமல் நின்ற இடத்திலும் கீழே மை தெரியும். அவர்கள் சேர்த்தவை ‘மெர்சி’ என்ற நன்றிச் சொல், ஆண்டு, இரு நாட்டுக் கொடிகள், ஓரத்தில் கொஞ்சம் லேஸ். அச்சை மறைக்காமல் விட்டதில்தான் இதன் அழகே இருக்கிறது என்பேன். ஆலையின் பெயரும் ஊரும் அதிலேயே இருப்பதால் கடிதத்துக்கு முகவரி தனியாக எழுத வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கு எழுதிய நன்றிக் கடிதங்கள் பலவற்றில், வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டதோ என்று தோன்றும் அளவுக்கு ஒரே வாசகம். சாக்குகளில் அந்தச் சலிப்பு இல்லை.

போர் முடியும்வரை வந்த மாவெல்லாம் அன்பளிப்பு என்று எழுதியிருப்பதும் சரியல்ல. ஆலைப் பெயர் பொறித்த அன்பளிப்புச் சாக்குகள் முக்கியமாக 1914-15 குளிர்காலத்தில் வந்தவை. பிறகு வந்ததில் பெரும்பகுதி கோதுமை. பெல்ஜிய ஆலைகளிலேயே அரைத்தார்கள். அதற்கான பணத்திலும் பெரும்பங்கு அரசுகள் தந்தது, பொதுமக்கள் நன்கொடை சிறு பங்குதான். அலங்காரச் சாக்குகளில் 1914, 1915 ஆகிய ஆண்டுகளே அதிகம் தென்படுவதற்கு இதுவே காரணம்.

கடைசியாக, பழைய எம்பிராய்டரித் துணிகளை “மிதமான சோப்பில் அலசிச் சட்டம் போடலாம்” என்ற யோசனை. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். சிவப்பு, கறுப்பு நூல்களின் சாயம் நனைந்தால் வெள்ளைத் துணியில் ஊறிவிடும். பிறகு எடுக்க முடியாது. ஆலை அச்சும் மங்கும். ஓரத் தையலைப் பிரித்து விரிக்கவும் கூடாது. அது சங்கிலித் தையல், சரியான முனையை இழுத்தால் ஒரே இழுப்பில் முழுவதும் உருவிக்கொண்டு வரும். அதோடு அது சாக்காக இருந்ததற்கான அடையாளமும் போய்விடும். மடித்து வைத்தால் மடிப்பில் இழை அறும். அமிலமில்லாத தாள் சுற்றிய அகலமான குழாயில், தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி வையுங்கள். எண்ணெய் வண்ணம் தீட்டிய சாக்கை மட்டும் சுருட்டாதீர்கள், வண்ணம் வெடிக்கும், தட்டையாக வையுங்கள். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம், கண்ணாடி துணியைத் தொடக்கூடாது.

கடிதங்கள் இருந்தால் லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். அந்தக் கால மை பலவற்றில் இரும்பும் அமிலமும் உண்டு. தாளைத் தின்னும் அமிலத்தைப் பிளாஸ்டிக்குக்குள் பூட்டிவைத்தது போலாகும், சூட்டில் ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் கூடாது. பாலியெஸ்டர் உறையில் ஓரம் திறந்தபடி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.