மூன்று கிலோ உடம்புக்குத் தனிப் பயிற்சி வேண்டும்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் சென்னையில் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டாகப் பணிபுரிகிறேன். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே ஊசியையும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயையும் உடம்புக்குள் செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமல் சிகிச்சை செய்வது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். குழந்தைகளுக்கான இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியில், மேற்படிப்பு முடித்த மருத்துவர்களுக்கு ஓராண்டு ஃபெலோஷிப் பயிற்சியைச் சென்னையில் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி, வடிகுழாய் வைக்க முடியுமா என்று கேட்டு எனக்கு அழைப்பு வந்தது. பெரியவர்களுக்கு எத்தனையோ முறை வைத்த அனுபவத்தில் உடனே ஒத்துக்கொண்டேன். ஊசி சரியாகத்தான் போனது, சீழும் வடிந்தது. ஆனால் இயந்திரம் சூடேறாமல் இருக்க எங்கள் அறை எப்போதும் குளிராகவே இருக்கும். கிருமிநாசினியில் நனைந்த அந்தச் சிறு உடம்பு திறந்த மேசையில் கிடந்தது. "உடம்புச் சூடு 34 டிகிரிக்கு இறங்கிவிட்டது, நிறுத்துங்கள்" என்று மயக்க மருந்து நிபுணர் குரல் கொடுத்தபோதுதான் நான் திரையிலிருந்து கண்ணை எடுத்தேன். குழந்தையின் உடம்பைக் கதகதப்பாக வைக்கும் விரிப்பு எதுவும் அந்த அறையில் இல்லை. வேண்டும் என்று கேட்டு வாங்கி வைக்க எனக்கும் தோன்றியிருக்கவில்லை. எக்ஸ்ரே இயந்திரமும் அன்று பெரியவர்களுக்கான அமைப்பிலேயே ஓடியது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

குழந்தை பிழைத்து ஆறாம் நாள் வீடு திரும்பியது. அதன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றியை இன்றுவரை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

எங்கள் துறை பெரியவர்களின் உடம்பில் வளர்ந்த துறை. ஊசி வழியே கம்பியை நுழைத்து, அந்தக் கம்பியின் மேல் குழாயைச் செலுத்தும் முறையை ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953இல் வெளியிட்டார். 1964இல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் அறுவை இல்லாமல் கால் ரத்தக்குழாய் அடைப்பை விரித்துவிட்டபோது, அந்த நோயாளிக்கு வயது 82. அன்றிலிருந்து எங்கள் கருவிகளும் மருந்தளவுகளும் கைப்பழக்கமும் பெரிய உடம்பைக் கணக்கில் வைத்தே வந்திருக்கின்றன.

மூன்று கிலோ எடையுள்ள பச்சிளம் குழந்தையின் உடம்பில் இருக்கும் ரத்தம் மொத்தம் ஏறக்குறைய 250 மில்லிதான். ஒரு பெரிய டம்ளர் அளவு. அதில் 25 மில்லி போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. பெரியவரிடம் குழாயைக் கழுவும்போது நாங்கள் எண்ணிக்கூடப் பார்க்காத அளவு அது. ரத்தக்குழாயைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தையும், குழாய் கழுவும் உப்புநீரையும் எடைக்கேற்ப மில்லி மில்லியாகக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். தொடை ரத்தக்குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். முரட்டுக் கை பட்டால் அடைத்துக்கொண்டு காலுக்கே ஆபத்து வரும். கதிர்வீச்சின் தீங்கு குழந்தைக்குக் கூடுதல், அது வெளிப்பட முன்னால் கிடக்கும் ஆயுளும் நீளம். நொடிக்கு 15 எக்ஸ்ரே துடிப்புகளாக ஓடும் ஃப்ளூரோஸ்கோப்பியை, அதாவது அசையும் எக்ஸ்ரே படத்தை, மூன்று நான்காகக் குறைத்தும் பல வேலைகளைச் செய்யலாம்; சிறு உடம்புக்கு, கதிர் அளவைக் கூட்டும் சிதறல் தடுப்பு வலையைக் கழற்றிவிடலாம். இவற்றை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததைக் கை பழகுவதற்கு ஆசானின் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும்.

நோய்களும் வேறு. கழுத்தில் பெரிதாகப் புடைத்து மூச்சை அடைக்கும் நிணநீர்க் குழாய்க் கட்டிக்குள் ஊசியால் மருந்து செலுத்திச் சுருங்க வைக்கலாம். இத்தகைய கட்டிகளோடு ஊர் ஊராக அலைந்து, இரண்டு முறை அறுவை முடிந்து, மீண்டும் வளர்ந்த பிறகு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. மூளையின் ஆழத்தில் தமனி நேராகச் சிரைக்குள் பாய்ந்து, பிறந்த சில நாட்களிலேயே இதயத்தைத் திணறடிக்கும் கேலன் சிரைக் கோளாறு இருக்கிறது. தமனிச் சுவர் அழற்சியுறும் டகயாசு நோயால் சிறுநீரகத் தமனி சுருங்கி, பத்து வயதில் ரத்த அழுத்தம் எகிறும் பிள்ளைகள் நம் நாட்டில் குறைவில்லை. விழித்திரைப் புற்றுநோய்க்குக் கண்ணின் தமனிக்குள்ளேயே மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்தும் முறை 2006இல் நியூயார்க்கில் தொடங்கியது. கண்ணை எடுக்காமல் காப்பாற்ற அது எத்தனையோ குழந்தைகளுக்கு உதவியிருக்கிறது. வட அமெரிக்காவின் பெரிய குழந்தை மருத்துவமனைகளில் இந்த வேலைகளுக்கென்றே ஃபெலோஷிப் நடக்கிறது. நம் இளம் மருத்துவர்களில் சிலர் அங்கே போய்க் கற்கிறார்கள். எல்லோருக்கும் அந்த வசதி இல்லை.

சென்னையில் இதற்கான நிலம் பண்பட்டே கிடக்கிறது. 1934இல் திறக்கப்பட்ட பெர்னார்ட் கதிரியல் நிலையம் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை அங்கிருந்து சிறிது தூரம்தான். குழந்தைகள் அறுவை சிகிச்சை இங்கே பல பத்தாண்டுகளாகத் தனிப் படிப்பு. பல துறைகளில் ஃபெலோஷிப் நடத்திய பழக்கமும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

என் வேண்டுகோள், பயிற்சி பெறுகிறவர் குழந்தைகள் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும் என்பது. பெரியவர்களுக்கான கேத் லேபில், அதாவது கதீட்டர் சிகிச்சை அறையில், உட்கார்ந்துகொண்டு, எப்போதாவது ஒரு குழந்தை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை அமைத்தால் பயனில்லை. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கட்டும். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்ட குழந்தை நள்ளிரவில் வந்தால், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி உப்புநீர் அழுத்தத்தால் அதை விடுவிக்கக் கற்கட்டும். பெற்றோரிடம் தமிழில் பொறுமையாக விளக்கிச் சம்மதம் வாங்கப் பழகட்டும். முதல் ஆண்டில் இரண்டு இடங்கள் போதும். சான்றிதழுக்கு, அவர் தம் கையால் செய்தவற்றின் லாக்புக்கைப் பாருங்கள். அவரோடு ஒரு செவிலியரும் ஒரு ரேடியோகிராஃபரும் மயக்கவியல் மருத்துவர் ஒருவரும் அதே ஓராண்டு சேர்ந்து பழக வேண்டும். அன்று மேசையருகே நின்ற நாங்கள் நால்வருமே பழகாதவர்கள்.

செயலாளர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. பயிற்சி முடித்தவரை அடுத்த கலந்தாய்வில் குழந்தைப் பிரிவே இல்லாத ஊருக்கு மாற்றிவிட்டால் ஓராண்டு உழைப்பும் செலவும் வீண். சென்னையில் தொடங்கி, மதுரை, கோவை அரசு மருத்துவமனைகளிலும் இதற்கென்று பணியிடம் உருவாக்கி, பயின்றவர் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அங்கேயே பணிபுரிய ஆணை பிறப்பியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான இந்தச் சிகிச்சைகளுக்கு எடையையும் வயதையும் பார்த்துத் தனித் தொகை நிர்ணயம் செய்யுங்கள். சின்ன அளவுக் கதீட்டர் விலை மலிவானதல்ல.

பாடத்திட்ட வரைவு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். கிண்டி அலுவலகத்தில் என்றைக்கு வந்து தர வேண்டும் என்று சொன்னால் அன்றே வருகிறேன்.

பணிவுடன்,
சென்னையில் பணிபுரியும் ஒரு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்