பூரா பெல்ப்ரே நினைவுக் கதை நாள்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று நம் நியூயார்க் தமிழ்ப் பள்ளியில் பாடம் இல்லை. பூரா பெல்ப்ரே நினைவாகக் கதை நாள் நடக்கிறது.

நம் பிள்ளைகள் வளரும் இதே ஊரில் தாய்மொழிக் கதைகளுக்கு நூலகத்தில் இடம் பிடித்துத் தந்தவர் அவர். ஸ்பானிய மொழி பேசும் புவேர்ட்டோ ரிக்கோ தீவின் சிட்ராவில் பிறந்தவர். 1921இல் ஹார்லெமின் 135ஆம் தெரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் புவேர்ட்டோ ரிக்க நூலகர். பல நாட்டுக் கதைகள் அடுக்கியிருந்த அலமாரியில், தன் பாட்டி சொன்ன கதைகள் மட்டும் இல்லை என்பதைக் கண்டார். அச்சில் வந்த கதையைத்தான் சொல்லலாம் என்பது அன்றைய நூலக வழக்கம். தனி அனுமதி வாங்கி, அச்சேறாத கதைகளையே சொன்னார். அப்படிச் சொன்ன ஒன்று 'பெரெஸும் மார்ட்டினாவும்' என்று 1932இல் புத்தகமானது. பிறகு 115ஆம் தெரு நூலகத்தில் ஸ்பானிய மொழியில் கதை நேரம், ஜனவரி 6இல் கிறிஸ்தவர்களின் மூன்று அரசர் திருநாள் என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்களையே உள்ளே அழைத்து வந்தார். 1960களின் இறுதியில் தெற்கு பிராங்ஸ் பிள்ளைகளிடம் பாவைகளோடு போனார். 1982 ஜூலை 1 அன்று காலமானார். 1996 முதல் அவர் பெயரில் குழந்தை இலக்கிய விருது வழங்கப்படுகிறது.

'பெரெஸும் மார்ட்டினாவும்' கதையில் கரப்பான்பூச்சி மார்ட்டினாவைப் பெண் கேட்டு ஒவ்வொரு விலங்காக வருகிறது. எலி பெரெஸை அவளுக்குப் பிடித்துப்போகிறது. கடைசியில் பெரெஸ் கொதிக்கும் பாயசப் பானைக்குள் விழுந்துவிடுகிறான். சின்னப் பிள்ளைகள் அழுவார்கள் என்று முடிவை மாற்ற வேண்டாம். பூரா மாற்றவில்லை.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கைப்பாவை செய்துவர வேண்டும். ஃபெல்ட் துணி இரண்டு துண்டு போதும். பிள்ளையின் கையைக் காகிதத்தில் வைத்து வரையும்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் நன்றாக விரிந்திருக்கட்டும். இவைதான் பாவையின் கைகள். சேர்த்து வைத்து வரைந்தால் பாவை கையை அசைக்காது. கோட்டைச் சுற்றி 2 செ.மீ. விட்டு வெட்டுங்கள், தையலுக்கே பாதி போய்விடும். பசை போட்டு ஒட்டினால் ஒரு இரவு காயவேண்டும். அவசரப்பட்டால் மேடையில் பக்கவாட்டில் பிரியும். ஊசி நூலே நல்லது. தலையைக் காகிதக் கூழில் செய்பவர்கள் மூன்று மெல்லிய அடுக்காகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவிடுங்கள். மொத்தமாக அப்பினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், கனமும் கூடி ஆள்காட்டி விரல் தாங்காது.

ஆட்டும்போது பேசுகிற பாவை மட்டும் அசையட்டும். எல்லாம் ஆடினால் யார் பேசுவது என்று தெரியாது. கையை உயர்த்திப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் வலிக்கத் தொடங்கும் என்பதால் கதைகள் அதற்குள் முடியவேண்டும்.

பெரெஸ் கதையைப் பெரிய வகுப்பினர் நடிப்பார்கள். மற்ற பிள்ளைகளுக்கு வேண்டியது உங்கள் வீட்டுக் கதை. ஊரில் இருக்கும் அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ இந்த வாரம் போன் போட்டுக் கதை கேட்கச் சொல்லுங்கள். பதிவுசெய்து இரண்டு மூன்று முறை போட்டுக் காட்டுங்கள். தயவுசெய்து எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மனப்பாடப் பிள்ளை ஒரு சொல் மறந்தால் அப்படியே நின்றுவிடும். கதையைத் தெரிந்த பிள்ளை வேறு சொல் போட்டுத் தாண்டிவிடும். பாட்டி பேசுகிற வட்டார வழக்கைத் திருத்தவும் வேண்டாம், மதுரையோ யாழ்ப்பாணமோ அப்படியே வரட்டும்.

பூராவின் கதை நேரம் மெழுகுவர்த்தி ஏற்றித் தொடங்கும். முடிவில் பிள்ளைகள் மனதுக்குள் ஒன்று வேண்டிக்கொண்டு அதை அணைப்பார்கள். ஃபெல்ட் துணியும் சின்னக் கைகளும் பக்கத்தில் இருப்பதால் நாம் பேட்டரி விளக்கு வைக்கிறோம்.

கதையின் பெயரையும், சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதையும் வகுப்பாசிரியரிடம் அடுத்த ஞாயிறுக்குள் தெரிவியுங்கள். அறிவிப்பில் அந்தப் பாட்டியின் பெயரையும் சேர்த்து வாசிப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்