கோளின் நிறையைத் தீர்மானிப்பது தொலைவு மட்டுமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் சூரியக் குடும்பத்தின் தோற்றம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் தெளிவாக இருந்தன, நடையும் எளிமையாக இருந்தது. ஆனால் கனமான பொருள்கள் சூரியனுக்கு அருகிலேயே தங்கிவிட்டன என்றும், இலேசான வாயுக்கள் வெப்பத்தால் தொலைவுக்குத் துரத்தப்பட்டன என்றும், அதனால்தான் உள்ளே சிறிய பாறைக் கோள்களும் வெளியே பெரிய வாயுக் கோள்களும் அமைந்தன என்றும் அதில் சொல்லியிருப்பது சரியன்று. நான் இயற்பியல் கற்பித்த காலம் முழுவதும் மாணவர்கள் இதே விளக்கத்தோடுதான் வகுப்புக்கு வந்தார்கள். ஒரு கோளின் நிறை எப்படித் தீர்மானமாகிறது என்ற கேள்வியையே இந்த விளக்கம் மறைத்துவிடுகிறது என்பதால் எழுதுகிறேன்.

ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இளம் சூரியனைச் சுற்றிச் சுழன்ற, வாயுவும் தூசியும் கலந்த வட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமுமாகவே இருந்தது. இன்று பூமி இருக்கும் இடத்திலும் அந்த வாயு தாராளமாகவே இருந்தது. வாயு இருப்பது வேறு, அதை ஒரு கோள் இழுத்துத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது வேறு. ஹிரோஷி மிசுனோ 1980இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, பாறையும் பனியும் சேர்ந்த திண்மக் கரு புவியின் நிறையைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கை எட்டினால்தான், அதைச் சூழ்ந்த வாயு உறை தன் எடையைத் தாங்க முடியாமல் சுருங்கி, மேலும் மேலும் வாயுவை உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. பிற்காலக் கணக்கீடுகளில் சூழ்நிலைக்கேற்ப இந்த எல்லை கூடியும் குறைந்தும் வந்தாலும் அடிப்படைக் கருத்து மாறவில்லை. அந்த எல்லையை எட்டாத புவியின் காற்று மண்டலம் முழுவதும் இன்று அதன் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தொலைவுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அது கட்டுரை சொல்லும் வழியில் அன்று. சூரியனுக்கும் புவிக்கும் உள்ள தொலைவைப் போல் இரண்டரை அல்லது மூன்று மடங்குக்கு அப்பால் வட்டின் வெப்பநிலை ஏறத்தாழ 170 கெல்வினுக்குக் கீழே இறங்கியதால், அங்கே நீராவி பனியாக உறைந்தது. இந்தப் பனிக்கோட்டைத் தாண்டினால் கோள் கட்டுவதற்குக் கிடைக்கும் திண்மப் பொருள் இரு மடங்கு அளவுக்குப் பெருகுகிறது. கோட்டுக்கு உள்ளே கிடைத்த பாறையும் இரும்பும் மட்டும் பத்துப் புவி நிறை கொண்ட கருவுக்குப் போதவில்லை.

இதைவிட முக்கியமானது காலம். வட்டிலுள்ள வாயு நிலையாக இருப்பதில்லை. சில பத்து லட்சம் ஆண்டுகளில், அதிகம் போனால் ஒரு கோடி ஆண்டுகளில், அதில் ஒரு பகுதி விண்மீனில் விழுகிறது, மீதி அதன் கதிர்வீச்சால் வெளியேறிவிடுகிறது. அதற்குள் வளர்ந்த கருவுக்கே வாயு கிடைக்கும். விண்கற்களில் உள்ள ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின்) அளவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, சூரியக் குடும்பம் தோன்றிய பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே வியாழனின் கரு ஏறத்தாழ இருபது புவி நிறையை எட்டிவிட்டது என்று கணித்தது. அதனால்தான் அது 318 புவி நிறை வரை வளர முடிந்தது. யுரேனஸையும் நெப்டியூனையும் பாருங்கள். இவை வியாழனைவிட வெகுதொலைவில் இருந்தும் முறையே 14.5, 17 புவி நிறை அளவிலேயே நின்றுவிட்டன. அவற்றின் பெரும்பகுதி பனியும் பாறையுமே என்பதும் ஹைட்ரஜனும் ஹீலியமும் சில புவி நிறைகளைத் தாண்டா என்பதும் இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. வாயு போதிய அளவு இருந்த காலத்தில் அவை வளர்ந்து முடிக்கவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். வாயுக்கள் தொலைவுக்குத் துரத்தப்பட்டன என்றால், எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் நெப்டியூனல்லவா எல்லாவற்றிலும் பெரிதாக இருந்திருக்க வேண்டும்!

பத்துப் புவி நிறையை அவ்வளவு விரைவில் எட்டுவது எப்படி என்பது நெடுங்காலம் விடை கிடைக்காத கேள்வியாக இருந்தது. கிலோமீட்டர் அளவுள்ள பாறைத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வாயு மறைந்த பிறகே கரு முழுமையடைவதாக வந்தது. மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுள்ள கூழாங்கற்கள் வாயுவின் உராய்வால் வேகமிழந்து, வளரும் கருவின் ஈர்ப்பில் சிக்கி மிக விரைவாக அதன்மேல் படிகின்றன என்று 2010க்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டிய பின்னரே இந்த இடர்ப்பாடு பெருமளவு நீங்கியது. இங்கு நிறைக்கு ஓர் எல்லையும் தானாகவே அமைந்துவிடுகிறது. கரு போதிய அளவு பெருத்ததும் தன்னைச் சுற்றியுள்ள வாயுவின் அழுத்தத்தை மாற்றி, கூழாங்கற்கள் தன்னிடம் வருவதைத் தானே தடுத்துவிடுகிறது. வியாழன் போன்ற கோள் இன்னும் வளரும்போது வட்டில் தன் பாதையையொட்டி ஒரு வெற்றிடத்தையே உண்டாக்கி, வாயு வரத்தையும் குறைத்துக்கொள்கிறது.

இவையெல்லாம் வெறும் கணக்குகள் அல்ல. சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கித் தொகுதி 2014இல் எடுத்த படத்தில், எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனின் வட்டில், வளரும் கோள்கள் உண்டாக்கிய இடைவெளிகளாகக் கருதப்படும் இருண்ட வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. பி.டி.எஸ். 70 என்ற விண்மீனைச் சுற்றி, வாயுவை இன்னும் உள்வாங்கிக்கொண்டிருக்கும் கோளின் படம் 2018இல் வெளியானது.

கொள்கை முழுமை பெற்றுவிட்டது என்றும் மாணவர்களிடம் சொல்லக் கூடாது. சூரியனில் ஒன்பதில் ஒரு பங்கு நிறையே உள்ள எல்.எச்.எஸ். 3154 என்ற விண்மீனை, குறைந்தது 13 புவி நிறை கொண்ட ஒரு கோள் சுற்றுவதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு சிறிய விண்மீனின் வட்டில் இதற்குப் போதிய திண்மப் பொருள் இருந்திருக்காது என்பதே வழக்கமான கணக்கு. வட்டே தன் ஈர்ப்பால் உடைந்து நேரடியாகக் கோளாகும் மாற்றுக் கொள்கையை இதுபோன்ற சில கோள்களுக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

பனிக்கோடு, கருவின் நிறை, வட்டின் ஆயுள் ஆகிய மூன்றையும் விளக்கும் ஒரு சிறு திருத்தத்தை வரும் இதழின் மாணவர் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இது புரியாது என்று ஒதுக்கிவிட வேண்டாம். வியாழன், நெப்டியூன், புவி ஆகியவற்றின் நிறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினாலே அவர்கள் தாமாகக் கேள்வி எழுப்புவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.