மே 7 கவுன்சில் தேர்தல்: பதிவு செய்துவிட்டீர்களா?

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் சர்ரே கவுண்டியில் தள்ளிப்போன கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தல் 2026 மே 7, வியாழன், காலை 7 முதல் இரவு 10 வரை. இம்முறை பழைய கவுண்டி கவுன்சிலுக்கு அல்ல. கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்ற இரண்டு புதிய கவுன்சில்களுக்கு. வோக்கிங், கில்ஃபோர்ட் மேற்கில். எப்சம், ரைகேட் கிழக்கில். புதியவை பொறுப்பேற்பது 2027 ஏப்ரல் 1 அன்றுதான். அதுவரை குப்பை, கவுன்சில் வரி எல்லாம் பழைய இடத்திலேயே. யாரும் வரித் தவணையை நிறுத்திவிட வேண்டாம்!

1. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களும் இங்கே வாழ அனுமதி இருந்தால் ஓட்டுப் போடலாம். 'நமக்கு ஓட்டு இல்லை' என்று பலர் சும்மா இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் விசா எப்படி என்று பாருங்கள்.
2. வாக்காளர் பதிவு: ஏப்ரல் 20 நள்ளிரவுக்குள். வீடு மாறியவர்கள் மறுபடி பதிய வேண்டும்.
3. தபால் ஓட்டுக்கு விண்ணப்பம்: ஏப்ரல் 21, மாலை 5-க்குள்.
4. படம் உள்ள அடையாள அட்டை கட்டாயம். நம் பாஸ்போர்ட்டே போதும். காலாவதியானாலும் முகம் ஒத்துப்போனால் சரி.
5. எதுவுமே இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றுக்கு ஏப்ரல் 28, மாலை 5-க்குள் விண்ணப்பியுங்கள்.

பதிந்தவர்கள் 'ஆச்சு' என்றும், உதவி வேண்டியவர்கள் 'உதவி' என்றும் இந்த ஞாயிறுக்குள் பதில் போடுங்கள். அப்புறம், கட்சிப் பிரசாரம் மட்டும் இங்கே வேண்டாம்.