தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனச்சோர்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அறிகுறிகளைச் சொல்லும் இடத்தில் தூக்கமின்மை ஒரே சொல்லோடு கடந்துபோய்விட்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கைக்கு முதலில் போனது தூக்கம்தான். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை புரண்டுகொண்டே கிடப்பாள். "கவலையை விடு, தூக்கம் தானா வரும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஒரு வருடம் இப்படியே போனது. அப்புறம்தான் மனச்சோர்வு வந்தது. அதற்கு மருந்து எழுதிய மருத்துவர், எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எப்போது எழுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது அவளுக்கு மட்டும் நடந்ததல்ல. 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 8,000 பேரிடம் ஓராண்டு இடைவெளியில் இருமுறை பேசினார்கள். இரண்டு முறையும் தூக்கம் வரவில்லை என்றவர்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வருவது மிக அதிகமாக இருந்தது. பல நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் பார்த்தபோது, அந்த ஆபத்து நன்றாகத் தூங்குகிறவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. மனநோய் வந்தால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டும் மனம் நோயில் விழலாம் என்பதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வாரத்துக்கு 3 இரவாவது, 3 மாதமாவது இது நீடித்தால் மருத்துவரிடம் தூக்கத்துக்காகவே போக வேண்டும். மாத்திரைதான் வழி என்று பயப்பட வேண்டியதில்லை. தூக்கமின்மைக்கென்றே நடத்தை சார்ந்த ஒரு சிகிச்சை இருக்கிறது. அதைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. அந்தச் சிகிச்சையில், கண் சொக்கினால்தான் படுக்கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். இரவு எப்படிப் போனாலும் காலையில் எழும் நேரம் மாறக் கூடாது. உண்மையில் தூங்கும் நேரம் எவ்வளவோ, படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஏறக்குறைய அவ்வளவுக்குச் சுருக்குவார்கள். இதுதான் கடினம். முதல் இரண்டு வாரம் தங்கை அழுதுவிட்டாள். இருதுருவ மனநோய் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்) உள்ளவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பது ஆபத்தாகலாம் என்பதால் யாரும் இதைத் தாமாகச் செய்துபார்க்க வேண்டாம்.

ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 3,755 மாணவர்களை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சையைக் கணினி வழியே பெற்றவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டதோடு, பிறர்மீது வரும் அதீத சந்தேகமும் பிரமைகளும்கூடக் குறைந்தன.

தங்கை இப்போது மனச்சோர்வுக்கான மருந்தையும் எடுக்கிறாள், ஆறு மணி நேரம் தூங்கவும் செய்கிறாள். இந்தச் சிகிச்சையைத் தருபவர் ஒருவரிடமே கேட்டு ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். நாங்கள் வீணாக்கிய அந்த ஒரு வருடம் இன்னொரு வீட்டுக்காவது மிஞ்சட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி