செயலாளரின் ஆண்டறிக்கை: தடைக்கால வீட்டுமுறைகள்

தலைவர் அவர்களே, மாதர் சங்க அங்கத்தவர்களே,

மாதாந்தக் கூட்டங்களும் தையல் வகுப்பும் வழமைபோல் நடந்தன. இவ்வாண்டின் பிரதான வேலை, 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றதிலிருந்து 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு வரை பெண்கள் வீடு நடத்திய முறைகளைக் கொப்பியில் ஏற்றியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றறி எல்லாம் தடைப்பட்டிருந்த காலம் அது. இயன்றவரை செய்து பார்த்தே எழுதினோம்.

முதலில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை அமர்த்தி, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடவேண்டும். இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். எண்ணெய் பஞ்சுக்கு மேலே தேங்கினால், விளக்குச் சரியும்போது வழிந்து தீப்பிடிக்கும். சைக்கிள் ரியூப்பின் பழைய வால்வுக் கட்டையில் நூல்திரியைக் கோத்து, விளிம்பில் கொளுவிய கம்பியில் உள்ளே தொங்கவிட வேண்டும். திரியின் வால் பஞ்சைத் தொடவேண்டும். சுடர் போத்தலுக்குள் எரிவதால் காற்றுக்கு அணையாது. திரித்தலை ஒரு நெல்மணி அளவுக்கு மேல் நீண்டால் கண்ணாடி கறுக்கும். வால்வில் றப்பர் ஒட்டியிருந்தால் உருகி நாறும்; அதைக் கழற்ற மறந்துவிட்டு எண்ணெயைக் குறை சொல்வோரே அதிகம்.

சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். தோலை உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பை வடித்து, களியைத் துணியில் தேய்த்தால் நுரைக்கும். களியிலுள்ள சப்போனின் என்ற பொருள்தான் நுரை வருவதற்கும் கசப்புக்கும் காரணம். நன்றாக அலசாவிட்டால் மஞ்சள் நிறமும் மணமும் நிற்கும். கொடியில் போட்ட சேலையை மாடு சப்பும். வெள்ளைத் துணிக்கு உதவாது. ஆவணி, புரட்டாதியில்தான் பழம் தாராளம்.

பங்கர் என்ற பதுங்குகுழி பற்றிக் கேட்டு மட்டுமே எழுதினோம். வாசலால் வரும் ஷெல் துண்டு உள்ளே இருப்பவரை நேரே தாக்காதிருக்க மூலை திருப்பி வெட்டினர். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. சாக்குக் கிடையாதபோது பழைய சேலைகளைப் பையாகத் தைத்தனர். மாரியில் வெள்ளம் நிற்கும், பாம்பும் கிடக்கும். விளக்கைப் பிடித்துப் பார்த்தே பிள்ளைகளை இறக்கினர்.

சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட முறை இன்னும் செய்து பார்க்க மிச்சமிருக்கிறது. வேலைசெய்யும் பழைய டைனமோ வைத்திருப்பவர்கள் தந்துதவவும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

செயலாளர்