குட்டி விற்கிறவர்களே, முதலில் தாய்நாயை நடக்க விட்டுக் காட்டுங்கள்

அட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பொமரேனியன், சிவாவா, டெரியர் என்று சின்னச் சாதி நாய்களை வீட்டிலேயே இணை சேர்த்து விற்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

உங்கள் பிழைப்பைக் கெடுக்க இதை எழுதவில்லை. உங்களில் ஒருவரிடம் வாங்கிய பொமரேனியன்தான் இப்போது என் காலடியில் படுத்திருக்கிறது.

ஏழெட்டு மாதம் இருக்கும்போது, எங்கள் லயத்து இஸ்தோப்பிலிருந்து பீலிக்கு இறங்குகிற படியில் ஓடிக்கொண்டிருந்தவள் திடீரென்று பின்னங்கால் ஒன்றைத் தூக்கி மூன்று துள்ளுத் துள்ளினாள், காலைப் பின்னால் ஒரு உதறு உதறினாள், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி நான்கு காலில் ஓடிப்போனாள். பிள்ளைகள் டான்ஸ் ஆடுகிறாள் என்று சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தேன், அதை இப்போது பார்க்க மனம் வருவதில்லை. விற்றவருக்கு அழைத்தால், "சின்ன நாய் அப்படித்தான் துள்ளும், கல்சியம் கொடுங்க" என்றார். பக்கத்து வீட்டு அக்கா சித்தாலேப தடவச் சொன்னார். தடவினால் நக்கிவிடுமே!

மிருக வைத்தியர் அவளைச் சரித்துப் படுக்கவைத்து, காலை நீட்டிப் பிடித்துப் பெருவிரலால் முழங்கால் சிரட்டையை மெதுவாகத் தள்ளினார். டக்கென்று உள்பக்கமாக நழுவியது. என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். தொடை எலும்பின் நுனியில் சிரட்டை ஓடுவதற்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அது ஆழமில்லாமல் இருந்தாலோ கால் எலும்பு சற்று வளைந்திருந்தாலோ சிரட்டை தடம் மாறிவிடும், சின்ன நாய்களில் பெரும்பாலும் உள்பக்கமாகத்தான். இதை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் தள்ளினால்தான் நழுவும், விட்டால் திரும்பிவிடும். 4 என்றால் எப்போதும் பள்ளத்துக்கு வெளியேதான், கையால் தள்ளினாலும் பள்ளத்துக்குள் வராது. இவளுக்கு 2. முற்றினால் மூட்டு தேயும், உள்ளே இருக்கிற தசைநார் அறுந்துபோகவும் கூடும், அப்போது பள்ளத்தை ஆழப்படுத்துகிற சத்திரசிகிச்சைதான்.

படியில் ஏறி இறங்கி வந்த நோய் இல்லை இது, பரம்பரையாக வருகிறது. கல்சியம் கொடுத்துப் பள்ளம் ஆழமாகாது.

அதனால் கேட்கிறேன். இணை சேர்க்க முன் ஆண், பெண் இரண்டையும் ஒரு வயது நிறைந்த பிறகு வைத்தியரிடம் காட்டி முழங்காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படம் பிடிக்கக்கூடத் தேவையில்லை, கைதான் வேண்டும், சில நிமிட வேலை. நழுவினால் அந்த நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் இணைக்கு விடாதீர்கள். வாங்க வருகிறவருக்குத் தாயை மடியில் வைத்துக் காட்டாமல் தரையில் விட்டு நடக்க வையுங்கள். ஐந்து மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரு குட்டி பின்னங்காலை ஊன்றவே மறுத்தால் அது வேறு நோயாகவும் இருக்கலாம், தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது சிதைகிற நோய். அதையும் "துள்ளல்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

எங்கள் மேலும் பிழை இருக்கிறது, சரி. கைக்குள் அடங்குகிற குட்டிதான் வேண்டும் என்று நச்சரிப்பதே நாங்கள்தான். அந்த ஆள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் இவளை வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தேத்தண்ணி நேரத்தில் ரொட்டித் துண்டு போட்டுக் கொழுக்க வைத்திருக்க மாட்டேன். இப்போது ரொட்டியை நிறுத்தியாயிற்று, எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மழை நாளில் வழுக்குகிற படியில் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

போன கிழமை இவளை விற்ற அதே ஆள் முகநூலில் படம் போட்டிருந்தார். அதே தாய்நாய், புதிதாக நான்கு குட்டிகள்.